மத்தியானம் மட்டும் அறுகிற லைன்

நான் போய் நின்றால் வேலை செய்யும்; என் மொபெட் தெருமுனை திரும்பினால் செத்துப்போகும். மயிலாப்பூரில் அபயாம்பாள் மாமி வீட்டு இன்டர்நெட் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஆடி மாதத்தில் என்னை இப்படித்தான் கேணையனாக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு முறை போய்வந்தாயிற்று. முதல் முறை சுவரிலிருக்கும் டெலிபோன் பெட்டியிலிருந்து மோடத்துக்கு வரும் ஒயரை மாற்றினேன். இரண்டாம் முறை மோடத்தை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். இரண்டு முறையும் என் கண்ணெதிரே அந்த மோடம் கீச்சிட்டு, கரகரத்து, அடங்கி, விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்து லைன் சேர்ந்தது. "ஆயிடுத்து பாருங்கோ" என்று மாமி சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைப்பாள். மறுநாள் மூன்றேகாலுக்கு என் கடையில் போன் அடிக்கும். "வலியுல்லா, மறுபடியும் போயிடுத்து" என்பாள், தானே ஏதோ உடைத்துவிட்ட மாதிரிக் குரலில்.

எனக்குத் திருவல்லிக்கேணி. வீட்டு முன்னறைதான் கடை. கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பேன். கொடுத்ததோடு கைகழுவ முடியாத வியாபாரம் அது. பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு மாதிரி, நல்லது கெட்டதுக்கெல்லாம் போய் நிற்கவேண்டும். அந்த நாளில் மயிலாப்பூர், அடையாறு பக்கம் வயசானவர்கள் கம்ப்யூட்டர் வாங்கினார்கள் என்றால் மெயில் பார்க்கத்தான். வீட்டுக்கு ஒரு பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்தது, என் பிழைப்பு ஓடியது. டெலிபோன் லைன் வழியாகத்தான் எல்லாமே. மோடம் டயல் செய்து அந்தப் பக்கத்து மோடத்தோடு கீச்கீச்சென்று பேசிச் சேர்ந்துகொள்ளும். மெயில் பார்த்து முடிகிறவரைக்கும் வீட்டில் யாரும் போனைத் தொடக்கூடாது. தொட்டால் லைன் அறுந்துவிடும். குழந்தைகளுக்குக்கூட இது தெரியும். ஆகையால் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, வேறு எங்காவது எக்ஸ்டென்ஷன் போன் இருக்கிறதா என்பது. இந்த வீட்டிலும் கேட்டேன். மாமியின் கணவர் ஜெயராம் சார்தான் பதில் சொன்னார். "பின்கட்டு ரூம்ல ஒண்ணு இருந்தது. எடுத்தாச்சு." அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் போய்ப் பார்க்கவில்லை. மடையன்.

அவர்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஸ்ரீலக்ஷ்மி கல்யாணமாகி அமெரிக்கா போய் மூன்று வருஷம். சின்னவள் மதுவந்திக்கு ஆவணியில் கல்யாணம்; பெரிய மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று ஸ்ரீலக்ஷ்மி அதற்கு வருவதாக இல்லை. வீடு முழுக்க ஜவுளிப் பைகளும் எவர்சில்வர் பாத்திரங்களுமாகக் கிடந்தது. மெயில் பார்ப்பது எப்போதும் சார் வேலை. விடியற்காலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போடுவார், ஸ்ரீலக்ஷ்மி எழுதியதைப் படிப்பார், பிறகு காப்பி குடித்துக்கொண்டே மாமியிடம் விஷயத்தைச் சொல்வார். இரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. அந்த ஆடியில் திடீரென்று மாமி தானே கற்றுக்கொள்ளவேண்டும் என்று ஆரம்பித்தாள். இரண்டாம் முறை போயிருந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டி, எந்தப் பொத்தானை எதற்கப்புறம் அழுத்தவேண்டும் என்று தமிழில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். சார் கோயிலுக்குப் போயிருந்தார். அப்போதுதான் காரணத்தையும் சொன்னாள்.

"போன ஞாயித்துக்கெழமை போன்ல பேசினா. 'மெயில் பாத்தியாம்மா'ன்னா. 'அப்பா படிச்சுச் சொன்னாரே'ன்னேன். 'நீ பாத்தியா? நீயே?'ன்னு கேட்டா. அதுக்குள்ள மாப்பிள்ளை போனை வாங்கிண்டுட்டார்." மாமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நீயேன்னு ஏன் கேட்டா? நானும் நாலு நாளா யோசிச்சிண்டே இருக்கேன்."

எனக்கு இதெல்லாம் வேண்டாம். நுழைகிற வீட்டில் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதையும் பார்க்கக்கூடாது, காதிலும் வாங்கக்கூடாது; இது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். பத்து வீட்டுக்குள் போய்வருகிறவனுக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். "புது ஊரு, புது பாஷை, அதான் மாமி, பேசணும்னு தோணியிருக்கும்" என்று எதையோ உளறிவிட்டு வந்தேன்.

ஆனால் லைன் விஷயம் மண்டையைக் குடைந்தது. காலையில் சாருக்கு வேலை செய்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு, அடுக்களை வேலை முடிந்து மாமி நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் செய்வதில்லை. நான் போவது எப்போதும் பதினொரு மணிக்கு. வெயிலில் மோடம் சூடாகிறதோ, மத்தியான நேரத்தில் லைனில் கூட்டமோ, சுவர்ப்பெட்டியில் எறும்பு புகுந்ததோ என்று ஏதேதோ நினைத்துப் பார்த்தேன். எறும்பு மூன்று மணிக்கு மட்டும் கடிக்குமா? சரி, நாமே மூன்று மணிக்குப் போய்விடுவோம் என்று ஆகஸ்ட் மூன்றாம் தேதி சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். சார் பின்கட்டு அறையில் தூங்குவதாக மாமி சொன்னாள். தெருவில் அம்மன் கோயில் ஸ்பீக்கர் காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. ஆடி மாதம், கேட்கவேண்டுமா?

மாமியையே டயல் செய்யச் சொன்னேன். நோட்டில் விரலை வைத்து, ஒன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாக முடித்தாள். மோடம் கத்த ஆரம்பித்தது. நான் என் பையிலிருந்து ஒரு பழைய டெலிபோன் ரிசீவரை எடுத்து, அதன் இரண்டு ஒயரையும் சுவர்ப்பெட்டித் திருகாணிகளில் மாட்டிக் காதில் வைத்தேன். லைனில் என்னதான் நடக்கிறதென்று, லைனைக் கலைக்காமல் கேட்க மட்டும் நானே மாற்றிவைத்திருந்தது அது. மோடத்தின் இரைச்சல் காதைப் பிளந்தது. பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம். இரைச்சல் தடுமாறி நின்றது. மானிட்டரில் லைன் அறுந்ததாகச் செய்தி. "பாத்தேளா, இதே கதைதான்" என்றாள் மாமி. என் காதில் வைத்திருந்த போனுக்குள் அம்மன் கோயில் ஸ்பீக்கர் கேட்டது. கூடத்தில் கேட்டதைவிடப் பலமாக, கோயில் பக்கம் ஜன்னல் இருக்கிற ஓர் அறையில் கேட்கிற மாதிரி. அதற்கு நடுவே ஒருவர் மூச்சு விடுகிற சத்தம். சாருக்கு வீசிங் உண்டு.

"பின்னாடி ஒயரைப் பாத்துட்டு வர்றேன் மாமி" என்று எழுந்து போனேன். அறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். ஜெயராம் சார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்த ஒயர், மடியில் ஒரு சிவப்பு போன், கையில் ரிசீவர். திருட்டுத்தனம் பண்ணிக் கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

"கதவைச் சாத்துங்கோ" என்றார்.

"இன்னா சார் இது?" என்றேன்.

அவர் ரிசீவரை வைத்தார். ரொம்ப மெதுவாகப் பேசினார். "அவன் ஸ்ரீலக்ஷ்மியை அடிக்கறான். அங்க போன நாள்லேர்ந்து அடிக்கறானாம். போன மாசம்தான் எழுதினா. அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒண்ணு எழுதறா, அழைச்சிண்டு போயிடுங்கோன்னு. ஆத்துலேர்ந்து எழுத முடியாது. லைப்ரரிக்குப் போய் அங்கேர்ந்து எழுதறா."

"மாமிக்குத் தெரியாதா?"

"எப்படிச் சொல்றது? தெரிஞ்சா அந்த நிமிஷமே அவனைக் கூப்பிட்டுக் கத்துவா. மதுவுக்குப் பாத்திருக்கற பையன் யாரு தெரியுமோ? அவனோட சித்தப்பா பிள்ளை. அவா மூலமாத்தான் இந்த இடமே வந்தது. அங்க அறுந்தா இங்கயும் அறுந்துடும். பத்திரிகை கொடுத்தாச்சு, சத்திரம் பிடிச்சாச்சு. இன்னும் இருவத்திநாலு நாள். தாலி ஏறட்டும், நானே டிக்கெட் எடுத்துண்டு போய் அழைச்சிண்டு வரேன். மூணு வருஷம் இருந்தவ, இருவத்திநாலு நாள் இருக்கமாட்டாளா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அது எங்கே போய் நிற்பது என்று தெரியாத கோபம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு போனின் ஒயரைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். "ராத்திரி வரதைக் காலம்பற நான் பாத்து அழிச்சுடறேன். அதுக்கப்புறம் ஒண்ணு வந்து இவ கண்ல பட்டுடுத்துன்னா? இவளே பதில் எழுத ஆரம்பிச்சுட்டான்னா? அதான். நீங்க அந்த மோடத்தை ரிப்பேர்னு சொல்லி எடுத்துண்டு போயிடுங்கோ."

"அப்ப நீங்களும் பாக்க முடியாதே சார்."

"எனக்கும் பாக்கவேண்டாம்" என்றார். "தெனம் காலம்பற அதைப் படிக்கறேன். படிச்சுட்டு இவகிட்ட வந்து, அங்க நல்ல வெயிலாம், புதுசா சோபா வாங்கியிருக்காளாம்னு சொல்றேன். என்னால முடியலை."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் இதை எழுதி என்ன பயன்? மோடம் டயல் செய்யும்போது கத்துகிற சத்தத்தை அடியோடு அணைத்துவிடலாம். ஒரே ஒரு வரிக் கட்டளை. அது கத்தாவிட்டால், மாமி எப்போது உட்காருகிறாள் என்பது பின்கட்டு அறையிலிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. லைன் அறுந்திருக்காது. அரை நிமிஷ வேலை. கதவைச் சாத்தி நின்ற அந்தக் கணத்திலேயே எனக்கு அது தோன்றியது. கூடத்துக்கு வந்தேன். மதுவந்தி கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முனையில் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்து என் பெயரை எழுதி, "ஃபேமிலியோட வரணும்" என்று இரண்டு கையாலும் நீட்டினாள். சின்னப் பெண், முகமெல்லாம் சிரிப்பு. நான் பத்திரிகையை வாங்கிப் பையில் வைத்தேன். மோடத்தின் ஒயர்களைக் கழற்றினேன். "உள்ள பார்ட்டு போயிருக்குது மாமி. கடைக்கு எடுத்துக்கினு போய்ப் பாக்கணும்" என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கஸ்டமரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு வருகிறேன் என்பதுபோன்ற பொய். இந்த மாதிரி ஒன்றை அதற்கு முன் சொன்னதில்லை.

மாமி தினமும் மூன்று மணிக்குப் போன் செய்தாள். "ஆயிடுத்தா?" "பார்ட்டு வரல மாமி." "வேற ஒண்ணு புதுசா வாங்கிடலாமா?" "உங்க மெஷினுக்கு இதான் ஒத்துக்கும் மாமி." எதற்கும் ஒரு பதில் என்னிடம் இருந்தது. ஒருநாள், "கல்யாண அமர்க்களத்துல இதுக்குப் போய் இப்படிப் பறக்கறாளேன்னு நெனச்சுக்காதீங்கோ" என்று அவளே மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். மோடம் என் மேஜைமேல் இருந்தது. என் மனைவி ஜைதூன் பீ தூசி தட்டும்போதெல்லாம் அதை எடுத்து எடுத்து வைத்தாள். ஒரு வாரம் கழித்து, நன்றாக இருக்கிற சாமான் ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்டாள். வீட்டில் நாங்கள் உருதுதான் பேசுவோம். எந்த மொழியானாலும் அவளிடம் எனக்குப் பொய் வராது. சொல்லிவிட்டேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியை உதறி மடித்தாள். "அந்தப் பொண்ணு அங்க எதை நெனச்சுக்கினு உக்காந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அவள் அந்த மோடத்தைத் தொடவில்லை. அதைச் சுற்றித் துடைத்தாள்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. இருபத்திநாலு நாள்தானே, அப்பன் போய்க் கூட்டிவந்துவிடுவார், பெரிய மனுஷன் சொல்கிறார், நமக்கென்ன என்று நாட்களைத் தள்ளினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. ஜுரம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் ஜெயராம் சார் போன் செய்தார். "கொண்டுவந்துடலாம்" என்றார்.

எதையும் திருப்பிக் கொடுக்கும் முன்பு ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுவது என் பழக்கம். அதையும் கஸ்டமருடைய இன்டர்நெட் கணக்கிலேயே செய்வேன். மணிக்கு இத்தனை என்று காசு கட்டி வாங்கிய நேரம் என் கணக்கில் வீணாகக்கூடாது என்ற அல்ப புத்தி. அவர்கள் கம்ப்யூட்டரைப் பூட்டிய காலத்தில் சோதிப்பதற்காக அவர்களுடைய மெயில் பெட்டியை என் மெஷினிலும் போட்டு வைத்திருந்தேன். அதை எடுக்கவே இல்லை. மோடத்தை மாட்டினேன். டயல் செய்தேன். சேர்ந்தது. லைன் சரியாக ஓடுகிறதா பார்ப்போம் என்று, கைப்பழக்கத்தில், மெயில் வாங்குகிற பொத்தானை அழுத்தினேன். ஆறு கடிதம் வந்து விழுந்தது.

விழுந்தபிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்து மெயில் அப்படி. ஒரு மெஷினில் இறங்கிவிட்டால் அந்தப் பக்கம் அழிந்துவிடும். தபால்காரன் ஒரு வீட்டில் போட்டதை இன்னொரு வீட்டில் போட முடியாதே, அதைப்போல. இனி மாமி எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் அவள் பெட்டி காலியாகத்தான் இருக்கும். ஸ்ரீலக்ஷ்மி எழுதிய ஆறு கடிதமும் இப்போது இந்த உலகத்தில் திருவல்லிக்கேணியில் என் மெஷினில் மட்டும்தான் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் மோடத்தை மட்டும் கொண்டுபோய் மாட்டிவிட்டு வரலாம். சாருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. என் சட்டப்படி அடுத்தவர் கடிதத்தைப் படிக்கவும் கூடாது. படித்தேன்.

தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். முதல் கடிதத்தில், அம்மா, இதை நீயே படிக்கவேண்டும், அப்பாவுக்கு முன்பே எழுதிவிட்டேன், அவரிடமிருந்து பதில் இல்லை என்று தொடங்கி எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அதையெல்லாம் இங்கே எழுத என் கை வரவில்லை. இரண்டாவதில், பாஸ்போர்ட்டை அவன் ஒளித்துவைத்த இடம் தெரிந்துவிட்டது என்று இருந்தது. மூன்றாவது சின்னக் கடிதம். வருகிற வெள்ளிக்கிழமை அவன் வெளியூர் போகிறான், பக்கத்து வீட்டு அம்மாள் டிக்கெட்டுக்கு உதவுகிறேன் என்கிறாள், மதுவின் கல்யாணம் என்னால் கெட்டுவிடுமோ என்றுதான் பயம், நீ 'வா' என்று ஒரு வார்த்தை எழுது, கிளம்பிவிடுகிறேன். நான்காவது அந்த வெள்ளிக்கிழமை எழுதியது. காலையில் லைப்ரரி திறந்ததும் வந்து பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், மூடப்போகிறார்கள், மறுபடி பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. ஐந்தாவதில் 'அம்மா' என்ற ஒரு சொல் மட்டும். ஆறாவது, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால். நீ பதில் போடாததிலிருந்தே உன் மனசு எனக்குப் புரிந்துவிட்டது, உன்மேல் கோபம் இல்லை, மது கல்யாணம் நன்றாக நடக்கட்டும், இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன், லைப்ரரிக்கும் வரமாட்டேன். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடையைத் திறந்துவைத்துக்கொண்டே அழுதேன். பிறகு பிரின்டரைப் போட்டேன். மடிப்பு மடிப்பாகத் தொடர்ந்து வருமே, ஓரத்தில் ஓட்டை போட்ட அந்தத் தாளில், ஒரு கடிதத்துக்கு ஒரு தாள் வீதம் ஆறையும் அடித்தேன். சத்தம் கேட்டு ஜைதூன் வந்து நின்றாள். தாள்களை மடித்து, மழை வந்தால் நனையாமலிருக்க ஒரு பாலிதீன் கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மயிலாப்பூரில் கதவைத் திறந்தது சார்தான். பதினைந்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தவர் மாதிரி இருந்தார். கூடத்தில் தேங்காய்ப் பைகளும் பட்சணக் கூடைகளும் அப்படியே கிடந்தன. நான் வாசலிலேயே நின்று, "அங்க பேசினீங்களா சார்?" என்றேன். "முந்தாநாள்லேர்ந்து போன் பண்றேன். மணி அடிக்கறது. யாரும் எடுக்கலை" என்றார். அப்புறம் என் கையிலிருந்த கவரைப் பார்த்தார். "அது என்னது?"

"மாமிக்கு வந்த லெட்டரு சார்."

என்னைத் தடுப்பார் என்று நினைத்தேன். தடுத்தால் தள்ளிவிட்டு உள்ளே போய்விடவேண்டும் என்றுகூட வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தேன். அவர் ஒதுங்கிச் சுவரோடு நின்றுகொண்டார்.

மாமி மோடத்தைத்தான் முதலில் பார்த்தாள். "ஆயிடுத்தா!" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். ரிப்பேர் இல்லை என்பதையும், மோடம் என் மேஜைமேல் சும்மா கிடந்ததையும், கடிதங்கள் என் மெஷினில் இறங்கிவிட்டதையும் சொன்னேன். சாரைப் பற்றி நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவ்வளவுதான். மாமி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "குடுங்கோ."

அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். ஆங்கில எழுத்து தெரியும். ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தால் கண்ணால் பார்த்துப் புரியாது. வாய்விட்டுச் சொன்னால்தான் அது சொல்லாகும். முதல் தாளில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஏ, எம், எம், ஏ. அம்மா. என், ஐ. நீ. ஒரு வரிக்கு இரண்டு நிமிஷம் ஆனது. மகளை எதால் அடித்தான் என்பதை மாமி எழுத்து எழுத்தாக உச்சரித்து, பிறகு அதைச் சேர்த்து, பிறகு அதன் அர்த்தம் தன்மேல் விழுவதைக் கேட்டாள். நிறுத்தவில்லை. பின்னால் சுவரோடு நின்றவருக்கு அது எல்லாமே கேட்டது. அவர் ஏற்கெனவே படித்த விஷயங்கள்தான். ஆனால் இத்தனை மெதுவாக அவர் படித்திருக்கமாட்டார்.

எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை, போகவும் முடியவில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் படித்து முடித்ததைத் தரையில் விட விட, மீதியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தாளில் வெள்ளிக்கிழமை என்ற சொல்லைச் சேர்த்ததும் நிமிர்ந்தாள். "இது எந்த வெள்ளிக்கெழமை?"

"இருபதாம் தேதி மாமி."

"அன்னிக்கு ஆத்துல சுமங்கலிப் பிரார்த்தனை" என்றாள். "ஒம்போது பேருக்கு இலை போட்டு நமஸ்காரம் பண்ணினேன். உங்களுக்குப் போன் பண்ணக்கூட நேரமில்லை அன்னிக்கு."

எனக்கும் அது ஞாபகம் இருந்தது. மூன்று மணிக்குப் போன் வராத ஒரே நாள் அது. அப்பாடா என்று நான் டீ குடிக்கப் போனேன்.

மீதியை நான் படித்துச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. இப்படி ஒவ்வோர் எழுத்தாக அந்தக் கடைசிக் கடிதத்துக்கு அவள் போய்ச் சேருவதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. "மாமி, நான் சொல்லிட்றேன், கடைசில..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இத்தனை நாள் ஒத்தர் படிச்சுச் சொன்னதைக் கேட்டுண்டது போறும்."

நான்காவது தாளைப் படித்தாள். லைப்ரரி என்ற சொல் ஆங்கிலச் சொல்லாகவே இருந்ததால் அதை மட்டும் சட்டென்று படித்துவிட்டாள். அது மூன்று இடத்தில் வந்தது. ஐந்தாவதை இழுத்தாள். ஏ, எம், எம், ஏ. விரல் அதற்கப்புறமும் நகர்ந்தது. வெறும் தாளில் ஓரம்வரைக்கும் போய், அடுத்த வரி இருக்கவேண்டிய இடத்துக்கு இறங்கி, அங்கேயும் ஓரம்வரை போனது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு மறுபடியும் முன்பக்கம் திருப்பி அந்த ஒரு சொல்லை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டினாள்.

கடைசித் தாள் என் கையில் இருந்தது. மாமி என்னைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.